பார்த்ததும் பிடித்துப்போவது ஏன்?

கேள்வி இது: "சில பொருட்கள், சில முகங்கள், சில கட்டடங்கள் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுகின்றன. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் தங்க விகிதம் இருக்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? உளவியல் என்ன சொல்கிறது?"

தங்க விகிதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது குறுக்கே நிற்கும்வரை சுவையான விஷயங்களுக்குப் போக முடியாது.

ஒரு கோட்டை இரண்டாக வெட்டுகிறோம். முழுக் கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் என்ன விகிதமோ அதே விகிதம் பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் வந்தால் அது தங்க விகிதம், ஏறத்தாழ 1.618. கணக்கில் அதற்கு அருமையான குணங்கள் உண்டு, அதில் சண்டையில்லை. அழகு முழுவதற்கும் இதுவே அடிப்படை என்று 1854-ல் உரத்துச் சொன்னவர் அடால்ஃப் ஸைஸிங் என்ற ஜெர்மானியர். ஆட்களிடமே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கியவர் இன்னொரு ஜெர்மானியரான குஸ்தாவ் ஃபெஹ்னர். சதுரத்தில் தொடங்கி நீண்டு ஒடுங்கியது வரை பத்துச் செவ்வகங்களைப் பரப்பி வைத்து, எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டார். 1876-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி சுமார் 35 சதவீதம் பேர் தங்க விகிதச் செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு எதுவும் அந்த அளவுக்கு வரவில்லை.

காணொளிகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு நூறாண்டு நடந்தது அவற்றில் வராது. 1974-ல் மைக்கேல் காட்கெவிச் என்ற ஆய்வாளர், செவ்வகத் தொகுப்பின் எல்லையை மாற்றிப் பார்த்தார். தங்க விகிதம் தொகுப்பின் நடுவில் விழுந்தால் அது பிடிக்கிறது. ஓரத்துக்குத் தள்ளினால் விருப்பமும் நகர்ந்துவிடுகிறது. மிகக் குட்டையும் வேண்டாம், மிக நீளமும் வேண்டாம் என்று நடுவில் கை வைக்கிற பழக்கம்தான் பெரும்பாலும் அந்த 35 சதவீதம். 1980-ல் கிறிஸ் மக்மேனஸ் இன்னொன்றைக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் செவ்வகங்களில் தெளிவான, நிலையான விருப்பம் இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் அது வேறு. சராசரி எடுக்கும்போது அந்த வேறுபாடு மறைந்து, எல்லாருக்கும் பொதுவான ஒன்று இருப்பது போலத் தெரிகிறது.

கையெட்டும் தூரத்தில் இருப்பவற்றையே பாருங்கள். ஏ4 தாள் 1.414. நம் தேசியக் கொடி 1.5. வீட்டுத் தொலைக்காட்சித் திரை 1.78. இவற்றில் எதையும் யாரும் விகாரம் என்று சொல்லிக் கேட்டதில்லை. காணொளிகளில் தவறாமல் வரும் நாட்டிலஸ் சங்கும் அப்படித்தான். தங்க விகிதத்தில் விரியும் தங்கச் சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு விரிய வேண்டும். அந்த உயிரி சுமார் மூன்று மடங்குதான் விரிகிறது.

சரி, விகிதம் இல்லையென்றால் வேறு என்ன?

ஒரு காட்சியைப் பார்ப்பது என்பதே வேலை. எது பொருள், எது பின்னணி, எது எதோடு சேர்ந்தது, இதை முன்பு பார்த்திருக்கிறோமா என்று மூளை கணநேரத்தில் பிரித்தாக வேண்டும். அந்த வேலை சுலபமாக முடியும்போது ஒரு சின்ன மகிழ்ச்சி கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சியை நாம் மூளையின் கணக்கில் எழுதுவதில்லை, எதிரே இருக்கும் பொருளின் கணக்கில் எழுதிவிடுகிறோம். 'அழகாக இருக்கிறது' என்கிறோம். 2004-ல் ரால்ஃப் ரேபர், நார்பர்ட் ஷ்வார்ட்ஸ், பியோத்தர் விங்கில்மன் மூவரும் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள்: அழகு பொருளில் மட்டும் இல்லை, பார்ப்பவரிடம் மட்டும் இல்லை, பொருளைப் பார்ப்பவர் எவ்வளவு சுலபமாக உள்வாங்குகிறார் என்பதில் இருக்கிறது.

கேட்க ஊகம் போலத் தோன்றலாம், ஆனால் சோதனை இருக்கிறது. அதே மூவர் 1998-லேயே ஒரு சாதாரண வட்டத்தைப் பின்னணியிலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும்படி காட்டினால் அது அதிகம் பிடிக்கிறது என்று காட்டியிருந்தார்கள். வட்டம் அதே வட்டம்தான். தெரிவது மட்டும் எளிது. 2001-ல் விங்கில்மனும் ஜான் கசியோப்போவும் பார்ப்பவர்களின் முகத் தசைகளில் மின்முனைகளை ஒட்டினார்கள். அடையாளம் காண எளிதாக்கப்பட்ட படங்களைப் பார்க்கும்போது, சிரிக்கப் பயன்படும் கன்னத் தசை லேசாக இயங்கியது. அவர்கள் சிரிக்கவில்லை, கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. கருவிக்குத் தெரிந்தது.

இதை வைத்துப் பார்த்தால் இருபக்கச் சமச்சீர் ஏன் பிடிக்கிறது என்பது பாதி விளங்கிவிடும். பாதி உருவத்தைப் பார்த்தால் மீதி இலவசம். அதிலும் நட்டுவைத்த கோட்டுக்கு இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் நாம் மிக வேகமாகக் கண்டுகொள்கிறோம். அதே உருவத்தைப் படுக்கவைத்து, மேலும் கீழும் ஒன்றாக இருக்கும்படி காட்டினால் வேகம் குறைகிறது. கறுப்பு வெள்ளை உருவங்களை ஆட்களிடம் காட்டி 'அழகா, இல்லையா' என்று கேட்ட ஆய்வுகளில் (தாமஸ் யாகப்சனும் லேயா ஹ்யோஃபலும் 2002-ல் செய்தது ஒன்று) சமச்சீர்தான் முதலில் வந்து நின்றது. அடுத்து வந்தது சிக்கல், அதாவது உருவத்தில் எத்தனை கூறுகள் இருக்கின்றன என்பது. சமச்சீரும் வேண்டும், சிக்கலும் வேண்டும் என்கிறார்கள் மக்கள். வெறும் சுலபம்தான் அழகு என்றால் இரண்டாவதுக்கு வேலையே இல்லையே?

இந்த இடத்தில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. வெள்ளைத் தாளை விடச் சுலபமாக உள்வாங்கக்கூடியது எதுவும் கிடையாது. அதை யாரும் ரசித்து உட்கார்ந்திருப்பதில்லை.

1971-ல் டேனியல் பெர்லைன் சொன்ன விளக்கம் இன்றும் பாடத்தில் இருக்கிறது: தூண்டுதல் குறைந்தால் சலிப்பு, கூடினால் எரிச்சல், நடுவில் இன்பம். கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவு. இது தப்பில்லை, ஆனால் எனக்குப் போதவில்லை. எவ்வளவு காரம் வேண்டும் என்பதைத்தான் சொல்கிறதே தவிர, சமையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரேபரின் கோட்பாட்டிலேயே இதைவிடக் கூர்மையான பதில் ஒன்று ஒளிந்திருக்கிறது. மகிழ்ச்சி தருவது சுலபம் அல்ல, எதிர்பாராத சுலபம். கடினமாக இருக்கும் என்று நினைத்தது சட்டென்று பிடிபடுவது. 2013-ல் கிளாடியா மூத், கிளாஸ் கிறிஸ்டியன் கார்பன் இருவரும், முதலில் புள்ளிகளும் திட்டுகளுமாகத் தெரிந்து பிறகு முகமாகக் கூடும் படங்களைக் காட்டினார்கள். முகம் பிடிபட்ட அந்தக் கணத்தை ஒட்டியே விருப்பம் ஏறியது.

இதற்கு என்னைக் கேட்டால் சிக்குக் கோலத்தை மிஞ்சிய உதாரணம் கிடையாது. வாசலில் யாராவது போட்டு முடித்த சிக்குக் கோலத்தை நின்று பாருங்கள். முதல் பார்வையில் ஒரே பின்னல். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஒன்றும் தெரியாது. ஆனால் முழு உருவம் நான்கு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறது என்பதைக் கண் முதலிலேயே பிடித்துவிடும். அதனால் 'இது கிறுக்கல் இல்லை, ஏதோ ஒழுங்கு இருக்கிறது' என்ற நம்பிக்கை வரும். பிறகு ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்குவோம். ஒரு புள்ளியைச் சுற்றி, அடுத்ததைக் குறுக்காகத் தாண்டி, விளிம்பில் திரும்பி, முன்பு வந்த வழியையே வெட்டி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அத்தனை பின்னலும் ஒரே கோடு என்று தெரிகிற நொடி இருக்கிறதே, அதுதான் மேலே சொன்ன ஆய்வுகள் அளக்க முயல்வது.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. நேர்ப்புள்ளியாக வரிசைக்கு நான்கு வீதம் மூன்று வரிசை வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் சுற்றிக்கொண்டு, உள்ளே எங்கும் திரும்பாமல், விளிம்பில் மட்டும் வளைந்து திரும்பும்படி இழை இழுத்தால் ஒரே இழையில் முடிந்துவிடும். நான்குக்கு நான்கு வைத்தால் முடியாது, நான்கு தனித்தனி இழைகள் வேண்டும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ அத்தனை இழை. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலிருந்த கிஃப்ட் சிரோமணியும் அவர் குழுவினரும் 1970-களில் கோலங்களை வைத்துக் கணினி மொழி இலக்கணங்களையே உருவாக்கினார்கள். வாசலில் குனிந்து போடுபவருக்கு வகுத்தி தெரியாது. 'இது ஒரே இழையில வராது, ஒரு புள்ளி கூட்டிக்கோ' என்று சொல்லத் தெரியும்.

போட்டு முடித்த கோலத்தைப் பார்ப்பதைவிட, போடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது ஏன் இன்னும் பிடிக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. புள்ளி மட்டும் இருக்கும்போது எதுவும் தெரியாது. பாதி இழைக்கு மேல் கண் கையை முந்திக்கொண்டு ஓடி, 'இப்போது இங்கே திரும்பும்' என்று ஊகிக்கத் தொடங்கும். ஊகம் சில இடங்களில் பலிக்கும், சில இடங்களில் ஏமாறும். பலித்துக்கொண்டே இருந்தால் சலித்துவிடும். ஏமாந்துகொண்டே இருந்தால் நகர்ந்து போய்விடுவோம்.

சமச்சீரை எங்கே உடைப்பது என்பதும் இதன் நீட்சிதான். சோழர் காலத்து நடராசர் செப்புத்திருமேனி ஒன்றை எழும்பூர் அருங்காட்சியகத்திலோ தஞ்சாவூர் கலைக்கூடத்திலோ நேராக நின்று பாருங்கள். சுற்றிலும் திருவாசி என்ற சுடர் வளையம், கிட்டத்தட்ட முழு வட்டம். தலை நடுக்கோட்டை ஒட்டி. ஊன்றிய வலது கால், முயலகன் மேல், அதே கோட்டை ஒட்டி. இது வரைக்கும் சமச்சீர். ஆனால் தூக்கிய இடது கால் உடம்பின் குறுக்கே வந்து நமக்கு இடப்பக்கம் நீள்கிறது. முன் இடக்கையும் அதே பக்கம் வீசியிருக்கிறது. எடை முழுவதும் ஒரு பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. நமக்கு வலப்பக்கம் தீ ஏந்திய கை எட்டி நிற்கிறது, மேலாடை பறந்து திருவாசியைத் தொடுகிறது. மனதுக்குள் நாம் அறியாமலே ஒரு தராசு ஏறி இறங்கி நிலைக்கு வருகிறது. கைகால்கள் இருபுறமும் ஒரே மாதிரி இருந்திருந்தால் தராசுக்கு வேலையே இருந்திருக்காது.

பழகிய கண்ணுக்கு எது சுலபம் என்பது மாறிவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் ஹெல்முட் லேடரின் குழு ஒரே உருவங்களைக் கலைப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் காட்டியது. பயிற்சி இல்லாதவர்கள் சமச்சீரான, சிக்கலான உருவங்களை அழகு என்றார்கள். கலைஞர்களோ சமச்சீர் இல்லாத, எளிய உருவங்களின் பக்கம் சாய்ந்தார்கள். சமச்சீர் அவர்களுக்குப் பார்த்துச் சலித்த விடை. கட்டடக் கலைஞர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒத்துப்போகாமல் இருப்பதில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி பணம்.

அடுத்தது பழக்கம். 1968-ல் ராபர்ட் ஸாயொன்ஸ், சீன எழுத்தை ஒத்த குறிகளை, அவற்றைப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றைப் பல முறை. பல முறை பார்த்த குறிக்கு நல்ல பொருள்தான் இருக்கும் என்று அவர்கள் ஊகித்தார்கள். வேறு எந்தக் காரணமும் இல்லை, பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1980-ல் அவரும் வில்லியம் குன்ஸ்ட் வில்சனும் ஒரு படி மேலே போய், கோணல்மாணலான எண்கோணங்களை ஒரு மில்லிவினாடி மட்டும் காட்டினார்கள். எதைப் பார்த்தோம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, குருட்டாம்போக்கில்தான் சொன்னார்கள். எது பிடிக்கிறது என்று கேட்டால், காட்டப்பட்டதையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். பார்த்த நினைவு இல்லாமலே பிடித்துப்போகிறது. 'ஏன் என்று சொல்லத் தெரியவில்லை' என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நேரான பதில் இந்தச் சோதனைதான்.

இதை உங்கள் கைப்பேசியிலேயே பார்க்கலாம். 1977-ல் ஒரு சோதனை: பெண்களின் புகைப்படத்தை இரண்டு விதமாக அச்சிட்டார்கள், ஒன்று உள்ளபடி, ஒன்று இடவலம் மாற்றி. படத்திலிருந்தவர்கள் பெரும்பாலும் மாற்றி அச்சிட்டதையும், அவர்களின் நெருங்கிய தோழிகள் உள்ளபடி இருந்ததையும் தேர்ந்தெடுத்தார்கள். நாம் நம்மைக் கண்ணாடியில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம், நம் வகிடு எந்தப் பக்கம் என்பது நமக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. செல்ஃபி எடுக்கும்போது திரையில் நன்றாக இருந்த முகம், வேறொருவர் எடுத்த படத்தில் ஏதோ கோணிக்கொண்டது போலத் தெரிவதற்கு இதுதான் பெரிய காரணம். முகத்தில் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு அந்தப் படம்தான் நீங்கள்.

கார்களில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. மேலே சொன்ன கார்பன், ஐம்பதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரையான கார்களின் வளைவுகளை அளக்கச் செய்தார். ஐம்பதுகளில் உருண்டை, எண்பதுகளில் பெட்டி, மறுபடி உருண்டை. மக்களின் ரசனை இந்த அலையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. நம் சாலைகளிலும் அதே கதைதான்: உருண்டு திரண்ட அம்பாசடர், பிறகு 1983-ல் கோணம் கோணமாக மாருதி 800. 1998-ல் ஹூண்டாய், இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோவைக் கொண்டுவந்தது. அகலத்துக்கு உயரம் கூடிய வண்டி. 'இதென்ன இப்படி எழும்பி நிற்கிறது' என்று முகம் சுளித்தவர்கள் பலர். சில ஆண்டுகளில் ஊரெங்கும் அதுதான் ஓடியது, அதன் பிறகு உயரமான சின்னக் கார் யார் கண்ணையும் உறுத்தவில்லை. வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி இதற்கு ஒரு விதியே வைத்திருந்தார்: வாங்குகிறவர் தாங்கிக்கொள்ளும் எல்லைக்குள் எவ்வளவு புதுமையாகப் போக முடியுமோ அவ்வளவு போ. 2003-ல் பவுல் ஹெக்கர்ட் குழு நடத்திய ஆய்வும் அதைத்தான் சொன்னது. மக்களுக்குப் பழக்கமும் வேண்டும், புதுமையும் வேண்டும். ஒன்று மற்றதைக் கெடுக்காதவரை இரண்டும் கூட்டியே விருப்பத்தை ஏற்றுகின்றன.

அப்படியானால் எதையும் திரும்பத் திரும்பக் காட்டினால் அழகாகிவிடுமா? விளம்பரக்காரர்களின் கனவு அது. ஜேம்ஸ் கட்டிங் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களிடம் இதைச் சோதித்தார். பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களில் புகழ்பெற்றவைதான் மாணவர்களுக்குப் பொதுவாகப் பிடிக்கும். அவர் வகுப்புகளுக்கு நடுவே, ஒரு விளக்கமும் சொல்லாமல், புகழ் பெறாத ஓவியங்களைச் சில நொடிகள் அடிக்கடி காட்டிவந்தார். பருவ முடிவில் புகழ்பெற்றவற்றின் மீதிருந்த கூடுதல் விருப்பம் காணாமல்போயிருந்தது. இந்தப் புகழே எங்கிருந்து வந்தது என்றும் அவர் கேட்டார். குஸ்தாவ் கேபாட் என்ற ஓவியர், பணக்காரர், நண்பர்களின் ஓவியங்களை வாங்கிச் சேர்த்து, 1894-ல் சாகும்போது பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்தார். அரசு அதில் ஒரு பகுதியை ஏற்று அருங்காட்சியகத்தில் மாட்டியது. மாட்டியதைப் புத்தகங்கள் அச்சிட்டன, அச்சிட்டது பழகியது, பழகியது பிடித்தது என்பது கட்டிங்கின் வாதம்.

கொஞ்சம் மனச்சோர்வு தரும் முடிவு. ஆனால் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2013-ல் வந்த ஆய்வு இதற்கு ஒரு மறுபக்கம் காட்டியது. அதே உத்தியில், விமர்சகர்கள் மட்டம் என்று தள்ளிய தாமஸ் கிங்கேடின் ஓவியங்களை மாணவர்களுக்கு அடிக்கடி காட்டினார்கள். பார்க்கப் பார்க்கப் பிடிக்காமல்போனது. ஆக, பழக்கம் எல்லாவற்றையும் உயர்த்திவிடுவதில்லை. கண்டுபிடிக்க உள்ளே ஏதாவது இருக்கிற ஓவியத்துக்குப் பழக்கம் உதவுகிறது. ஒன்றும் இல்லாததைப் பழக்கமே காட்டிக்கொடுக்கிறது. நான் இப்படித்தான் வாசிக்கிறேன். ஒரே ஒரு ஆய்வை வைத்து இதற்கு மேல் இழுக்க விருப்பமில்லை.

முகங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1878-ல் ஃபிரான்சிஸ் கால்டன், குற்றவாளி என்றால் ஒரு பொது முகம் இருக்கும் என்று நம்பி, குற்றவாளிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். கொடூரமான முகம் வரும் என்று எதிர்பார்த்தார். தனித்தனி முகங்களைவிட லட்சணமான முகம் வந்தது. 1990-ல் ஜூடித் லாங்லுவாவும் லோரி ராக்மனும் கணினியில் இதையே செய்தார்கள். முப்பத்திரண்டு முகங்களின் சராசரி, பெரும்பாலான தனி முகங்களை விட அழகு என்று மதிப்பிடப்பட்டது. மறுபடியும் அதே கதைதான்: சராசரி முகம் நாம் பார்த்த எல்லா முகங்களுக்கும் பக்கத்தில் இருப்பதால் உள்வாங்கச் சுலபம். ஆனால் உலகத்தில் மிக அழகு என்று நினைக்கப்படும் முகங்கள் சராசரி முகங்கள் இல்லை. அங்கே வேறொன்று வருகிறது.

அந்த வேறொன்றுக்கு ஒரு விளக்கம் தந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன். 1999-ல் வில்லியம் ஹிர்ஸ்டைனோடு எழுதிய கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று சோழர் காலத்துப் பார்வதி திருமேனி. எலிக்குச் சதுரத்தையும் செவ்வகத்தையும் காட்டி, செவ்வகத்துக்கு மட்டும் தீனி கொடுத்துப் பழக்கினால், பிறகு அது தான் பழகிய செவ்வகத்தைவிட இன்னும் நீளமான செவ்வகத்தை நாடும். எலி கற்றது அந்த உருவத்தை அல்ல, 'நீளம்' என்ற வேறுபாட்டை. சிற்பியும் அதையே செய்கிறார் என்பது ராமச்சந்திரனின் வாதம். பெண் உடலை ஆண் உடலிலிருந்து பிரிக்கும் வளைவுகளை எடுத்து, உண்மையில் இருப்பதைவிடக் கூட்டுகிறார். இடுப்பு ஒடுங்குகிறது, உடல் மூன்று இடத்தில் வளைகிறது. அப்படி ஒரு உடல் எங்கும் கிடையாது, ஆனால் பார்த்ததும் மூளை துள்ளுகிறது. கேலிச்சித்திரமும் இதே வேலைதான். தெரிந்த முகத்தை உள்ளபடி வரைந்த கோட்டோவியத்தைவிட, மிகைப்படுத்தி வரைந்ததை மக்கள் வேகமாக அடையாளம் காண்கிறார்கள் என்று 1987-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கேலிச்சித்திரத்துக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. திருமேனிக்கு அந்த அளவுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. இன்று கடைகளில் விற்கும் பார்வதிகளிலும் இடுப்பு ஒடுங்கித்தான் இருக்கிறது, வளைவு மூன்றும் இருக்கிறது, சிலவற்றில் சோழச் சிற்பியை விடத் தாராளமாகவே இருக்கிறது. ஒன்றைப் பார்த்து நிற்கிறோம், ஒன்றைக் கடந்து போகிறோம். மிகைப்படுத்தல் என்ற ஒரே விதியால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

நிறத்துக்கு வருவோம். 2010-ல் ஸ்டீஃபன் பால்மரும் கேரன் ஷ்லாஸும் சொன்னது எளிமையானது: ஒரு நிறம் பிடிப்பது, அந்த நிறத்தில் நாம் பார்த்த பொருட்கள் பிடிப்பதால். ஒவ்வொரு நிறத்துக்கும் என்னென்ன பொருட்கள் நினைவுக்கு வருகின்றன என்று ஒரு குழுவிடம் கேட்டு, அந்தப் பொருட்கள் எவ்வளவு பிடிக்கும் என்று வேறொரு குழுவிடம் கேட்டு, கணக்குப் போட்டார்கள். நிற விருப்பத்தின் பெரும்பகுதி இதிலேயே விளங்கிவிட்டது. நீலத்துக்குத் தெளிந்த வானமும் தண்ணீரும். அழுக்குப் பச்சை கலந்த பழுப்பு மஞ்சளுக்கு அழுகலும் வாந்தியும். நீலம் உச்சியில், அந்த மஞ்சள் அடியில். அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று போட்டியான பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடம் பார்த்தபோது, தங்கள் கல்லூரி நிறங்களை எதிரிக் கல்லூரி நிறங்களைவிட அதிகம் விரும்பினார்கள். கல்லூரிப் பற்று கூடக்கூட விருப்பமும் கூடியது.

நம் ஊர்களில் கிளிப்பச்சையிலும் வாடாமல்லி நிறத்திலும் மாம்பழ மஞ்சளிலும் வீட்டுக்கு வண்ணம் அடித்தால் சிலர் 'ரசனையே இல்லை' என்கிறார்கள். வெள்ளையும் சாம்பலும் பூசிய அடுக்ககத்தை ரசனை என்கிறார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. கிளிப்பச்சையோடு நாற்றங்காலும் பட்டுப்புடவையும் கோயில் கோபுரமும் சேர்ந்து வளர்ந்த கண் ஒன்று. வெளிநாட்டு வீடுகளின் படங்களோடு வளர்ந்த கண் இன்னொன்று. சாம்பல் நிறம் பிறவியிலேயே உயர்ந்தது என்று காட்டிய ஆய்வு எதுவும் கிடையாது.

அப்படியானால் எல்லாமே பழக்கம், எல்லாமே ஊருக்கு ஊர் வேறா? அதுவும் இல்லை. எட்வர்ட் வெசல் குழு 2018-ல் முகங்கள், இயற்கைக் காட்சிகள், கட்டடங்களின் உள்ளும் புறமும், ஓவியங்கள் என்று பலவகைப் படங்களைக் காட்டி, ஆட்களின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தது. முகத்திலும் இயற்கைக் காட்சியிலும் கணிசமான ஒற்றுமை. கட்டடத்திலும் ஓவியத்திலும் ஆளுக்கு ஆள் வேறு. இயற்கை தந்தவற்றில் நமக்குள் ஓரளவு உடன்பாடு இருக்கிறது. மனிதன் செய்தவற்றில் அவரவர் பார்த்து வளர்ந்ததே பேசுகிறது.

இயற்கைக் காட்சி வெறும் ரசனையோடு நிற்பதில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1984-ல் ரோஜர் உல்ரிக், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்தார். பாதிப் பேருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மற்றபடி அறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். மரம் பார்த்தவர்கள் கேட்ட கடுமையான வலி மருந்தும் குறைவு. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் அதற்குப் பிறகு மருத்துவமனை கட்டுகிறவர்கள் சன்னலை வெளிச்சத்துக்காக மட்டும் வைப்பதில்லை.

கேள்விக்குப் பின்னால் வீடு, கடை, வலைத்தளம் என்று ஏதாவது வடிவமைக்கும் எண்ணம் இருந்தால், 1.618-ஐத் தேடி அளவுகோலோடு உட்கார வேண்டாம். பார்க்கப்போகிறவர்கள் எதைப் பார்த்துப் பழகியவர்கள் என்று முதலில் விசாரியுங்கள். வலைத்தளங்களைப் பற்றி அலெக்சாண்டர் டுக் என்ற ஆய்வாளரின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே பிடிக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பு விழுந்துவிட்டது. நெரிசல் இல்லாத, 'கடை என்றால் கடை மாதிரி' இருந்த பக்கங்களே வென்றன. அந்தச் சட்டத்துக்குள் ஒரே ஒரு இடத்தில், பார்ப்பவர் எதிர்பார்க்காத ஒன்றை வையுங்கள். இரண்டு இடத்தில் வைக்கலாமா என்றால், அதை ஆட்களுக்குக் காட்டித்தான் பார்க்க வேண்டும். ஃபெஹ்னர் செய்தது போல.